மருதமரப் பொந்தும் அரைக் கிலோ மைசூர்பாவும்

கதிர்வேலுக்கு நீச்சல் தெரியாது. கருமத்தம்பட்டியில் நாற்பது தறி ஓட்டுகிற மனிதனுக்கு நீச்சல் எதற்கு என்று நாற்பத்து நாலு வருடம் தெம்பாகவே இருந்துவிட்டான். அப்படிப்பட்டவன் ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணிக்கு, சத்தியமங்கலத்துக்குக் கீழே பவானி ஆற்றில், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுக்குள் தொப்பை பிதுங்க ஒரு ஒடுக்கமான படகின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் என்றால் காரணம் இல்லாமலா இருக்கும்? காரணம் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவனுடைய மனைவி நந்திதா.

"ஏனுங்க, ஆடாதீங்க."

"நான் எங்க அம்மணி ஆடறேன்? படகுதான் ஆடுது."

"படகு தானா ஆடாதுங்க. நீங்க பயந்து பயந்து மூச்சு வாங்கறீங்க பாருங்க, அதுலதான் ஆடுது."

அந்தப் படகுக்குக் கனூ என்று பெயர். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும். முன்னால் இருப்பவர் பலத்தைக் கொடுக்க வேண்டும், பின்னால் இருப்பவர் திசையைப் பார்த்துக்கொள்வார். இடது பக்கம் துடுப்புப் போட்டால் படகு வலது பக்கம் திரும்புகிறது. இது கதிர்வேலுக்கு மகா அநியாயமாகப் பட்டது. இரண்டு தடவை சொல்லியும் பார்த்தான். படகு கேட்கவில்லை.

நந்திதா பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் சர்வே பாடம் எடுக்கிறாள். ஒரு இடத்தை அங்குலம் பிசகாமல் அளந்து சொல்வது அவளுக்குத் தொழில். அதுவே விளையாட்டாகவும் ஆனதுதான் ஜியோகேச்சிங். அதாவது, ஒருவர் ஒரு டப்பாவுக்குள் ஒரு நோட்டும் சில்லறைப் பொருள்களும் போட்டு எங்காவது ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஆப்பில் போட்டுவிடுவார். யாருக்கு ஆசையோ அவர்கள் போனைப் பார்த்துத் தேடிக்கொண்டு போய், டப்பாவைக் கண்டுபிடித்து, நோட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது. கண்டுபிடித்த சந்தோஷம்தான் மிச்சம்.

இதைக் கதிர்வேல் என்ன பாடு படுத்தினான் தெரியுமா? போன கார்த்திகையில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் யாரோ, "நந்திதாவ எங்கப்பா காணோம்?" என்று கேட்டார்கள். இவன் சத்தமாக, "அதையேன் கேக்கறீங்க, எங்கூட்டுக்காரி ஆத்தோரம் டப்பா பொறுக்கப் போயிருப்பா," என்றான். ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் இலைக்கு மேல் குனிந்து சிரித்தது. நந்திதா அப்போதுதான் அவன் பின்னால் வந்து நின்றிருந்தாள். அவளும் சிரித்தாள். ஆனால் அவிநாசி வழியாகக் காரில் திரும்பியபோது கருமத்தம்பட்டி வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். அந்தச் சிரிப்பு கதிர்வேலுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. வாய் உள்ளவனுக்குத்தான் இந்தக் கஷ்டம். கேலி வரும் வாயில் மற்றது வராது.

அதனால் அவன் வேறு ஒரு காரியம் செய்தான். தை மாதம், நந்திதாவின் பிறந்தநாளன்று, மில்லுக்கு நூல் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, அந்த ஆப்பைத் தன் போனில் இறக்கிக்கொண்டு சத்தியமங்கலத்துக்கு வண்டியை விட்டான். அங்கே மீன் பிடிக்கிற நிஜாம் என்பவரின் பரிசலில் ஏறி, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, நந்திதா ஒளித்து வைத்த பெட்டியைத் தேடிப் போனான். ஆற்று நடுவில் ஒரு திட்டு. திட்டில் ஒரு பெரிய நீர்மருத மரம். மரத்தில் ஆள் உயரத்தில் ஒரு பொந்து. பொந்துக்குள் நீல மூடி போட்ட பெட்டி. மூடி மேல் இங்கிலீஷில் ஏதோ எழுதி ஒட்டியிருந்தது.

அங்கே நின்று கண்ணைத் திறந்து பார்த்த பிறகுதான் அவனுக்குப் புத்தி வந்தது. ஆறு அந்த மரத்தைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து போகிறது. வேர்களுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடியாக நிற்கிறது. எதிர்க்கரை முழுக்க மஞ்சள் மூக்கு நாரைகள். ஐயோ, இப்படி ஒரு இடத்தைத் தேடிப் பிடித்து, யாரோ முகம் தெரியாதவர்கள் வந்து பார்க்கட்டும் என்று ஒருத்தி அளந்து வைத்திருக்கிறாளே, இவளைப் போய் டப்பா பொறுக்குகிறவள் என்றோமே என்று வெட்கமாகப் போய்விட்டது. நோட்டை எடுத்து நாலு வரி எழுதினான். நேரில் சொல்ல முடியாத நாலு வரி. அவள் அடுத்த தடவை பெட்டியைப் பார்க்க வரும்போது படிப்பாள், அது போதும்.

எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவன் யார்? கொங்கு நாட்டான். ஒருத்தர் ஊட்டுக்கு வெறுங்கையோடு போனதாக அவன் பரம்பரையிலேயே கிடையாது. அவன் கையில் அரைக் கிலோ மைசூர்பா இருந்தது. நெய் சொட்டச் சொட்ட, அட்டைப் பெட்டியில். அதை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து மூடியை அழுத்திவிட்டான்.

"மரத்துக்கு எதுக்குங்கண்ணா ஸ்வீட்டு?" என்று நிஜாம் கேட்டார்.

"வேண்டுதலுங்க," என்றான்.

அதற்கப்புறம் ஒரு மாதமாக அவன் காத்துக்கொண்டிருந்தான். ஆனால் நந்திதாவுக்குத் தேர்வு வேலை, பேப்பர் திருத்துகிற வேலை. ஆற்றுப் பக்கமே வரவில்லை. போன வாரம்தான் ஒரு சாயங்காலம் போனைப் பார்த்தபடி முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தாள். பெட்டியைத் தேடிப் போன மூன்று பேர் வரிசையாகக் 'கிடைக்கவில்லை' என்று பதிவு போட்டிருந்தார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பெட்டியைப் பார்த்துச் சரிசெய்யாவிட்டால் பட்டியலில் இருந்து நீக்கிவிடுவோம் என்று அதை மேற்பார்வை பார்க்கிறவர் எழுதியிருந்தார். படகில் மட்டுமே போய் எடுக்கக்கூடிய பெட்டி என்று அவள் வைத்திருந்தது அது ஒன்றுதான். நாற்பத்தொரு பேர் கண்டுபிடித்திருந்தார்கள். பெங்களூரில் இருந்தெல்லாம் வந்து, நான் பார்த்ததிலேயே நல்ல இடம் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அவளுக்கு அது பெற்ற பிள்ளை மாதிரி.

எப்போதும் அவளோடு படகில் வருகிறவள் அதே கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுக்கும் சாஜிதா பேகம். சாஜிதா ஸ்கூட்டரில் இருந்து விழுந்து கையில் மாவுக்கட்டோடு இருந்தாள்.

"நான் வாரேன்," என்றான் கதிர்வேல்.

நந்திதா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா? தண்ணித் தொட்டியப் பாத்தாலே ஒதுங்கிப் போவீங்களே?"

"வாரேன்னு சொன்னா வாரேன் அம்மணி. துடுப்பு எப்படிப் புடிக்கறதுன்னு மட்டும் சொல்லு."

அவனுக்குப் பெட்டியைப் பற்றிக் கவலையே இல்லை. தேடத் தெரியாத மூன்று பேர் தேடிவிட்டுப் போயிருப்பார்கள், பொந்து இருக்கிறது, பெட்டியும் இருக்கும் என்று நம்பினான். அவள் அந்த நோட்டைத் திறந்து நாலு வரியைப் படிக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

படகை இறக்கியது பொங்கியண்ணன் வாழைத்தோப்பில். அவர் தோப்பு வழியாகத்தான் ஆற்றுக்கு இறங்க வேண்டும். நல்ல மனிதர். காரின் மேல் இருந்து படகை இறக்கக் கூட ஒரு கை பிடித்தார். போகும்போது, "என்னமோ அம்மணி, இந்தத் தையில இருந்து கொரங்குத் தொந்தரவு தாங்கலீங்க. பாறை மேல தாண்டித் தாண்டி அந்தத் திட்டுக்குப் போகுதுக, அங்கிருந்து இங்க வருதுக. எட்டுத் தாரு போச்சு," என்றார். நந்திதா நின்று, எப்போதிருந்து, எத்தனை குரங்கு என்று விசாரித்தாள். கதிர்வேல் லைஃப் ஜாக்கெட்டின் பெல்ட்டோடு போராடிக்கொண்டிருந்தான்.

அப்படியாக அவர்கள் ஆற்றில் போய்க்கொண்டிருந்தார்கள். முதல் கால் மணி நேரம் கதிர்வேல் துடுப்பைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அதற்கப்புறம்தான் பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பயம் இறங்கினால் கண் திறக்கும் அல்லவா? பவானி அங்கே சத்தமே போடாமல் போகிறது. ஒரு கரையில் வாழை, ஒரு கரையில் கரும்பு, இரண்டுக்கும் ஓரத்தில் மருதமும் நாவலும் தண்ணீருக்கு மேல் சாய்ந்து நிற்கின்றன. ஒரு பாறை மேல் ஏழெட்டு ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்தன. படகு நெருங்கியதும் ஒவ்வொன்றாகப் பொத் பொத்தென்று தண்ணீரில் விழுந்தன.

"அங்க பாருங்க, பாம்புத்தாரா," என்று நந்திதா மெதுவாகச் சொன்னாள். தண்ணீருக்கு மேலே கழுத்து மட்டும் பாம்பு போலத் தெரிந்தது. கதிர்வேல் துடுப்பை மடிக்கு இழுத்துக்கொண்டான். அப்புறம் அது முழுப் பறவையாக எழுந்து ஒரு கொம்பில் உட்கார்ந்து, துணி காயப்போடுவது மாதிரி இறக்கையை விரித்தது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று ஆகாயத்தில் ஒரே இடத்தில் நின்று படபடவென்று அடித்துவிட்டுக் கல்லாக விழுந்தது. எழுந்தபோது வாயில் மீன்.

"அடங்கொன்னியா!" என்றான் கதிர்வேல்.

பறவையை விட அவன் அதிகம் வியந்தது பின்னால் இருந்தவளைத்தான். அவனால் திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் படகு கவிழும் என்று ஏறும்போதே சொல்லிவிட்டாள். ஆனால் காது கேட்கிறதே. அவள் துடுப்பு தண்ணீரில் இறங்குகிற சத்தம்கூட வரவில்லை. தண்ணீரின் மேல் ஒரு சின்னச் சுழிப்பைப் பார்த்துவிட்டு, அடியில் பாறை இருக்கிறது, வலது பக்கம் போடுங்க என்பாள். தாண்டும்போது பார்த்தால் ஒரு முழத்துக்குக் கீழே பாறை இருக்கும். வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது, கரண்ட் பில் கட்டவில்லை என்று பேசுகிற அதே குரல்தான். ஆனால் இங்கே அந்தக் குரல் சொன்னால் ஆறே கேட்கும் போல இருந்தது. பதினெட்டு வருடமாக இந்த மனுஷியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நூல் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்று அவனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"பெட்டி கெடைக்காததுக்கு என்னதான் காரணமா இருக்கும்?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டான்.

"ரெண்டே காரணந்தானுங்க இருக்கும். ஒண்ணு, ஆராச்சும் எடுத்துட்டுப் போயிருக்கோணும். இல்லீன்னா ஆராச்சும் உள்ள தீனி வெச்சிருக்கோணும்."

கதிர்வேலின் துடுப்பு தண்ணீரில் அப்படியே நின்றது. "தீனியா?"

"ஆமாங்க. இந்த வெளையாட்டுல மொதல் சட்டமே அதுதானே. திங்கற பொருள் எதையும் வெக்கக் கூடாது. ஒரு மிட்டாய் கூட ஆகாது. வாசனைக்கு எறும்பு வரும், மரநாய் வரும், கொரங்கு வரும். ஒருக்காப் பழகிச்சுன்னா பெட்டியவே பேத்துப்போட்டுரும். உங்ககிட்ட நூறு வாட்டி சொல்லியிருக்கேனே?"

சொல்லியிருப்பாள். இவன் 'ம்' போட்டிருப்பான். அட கெரகமே! நெய் சொட்டும் அரைக் கிலோ மைசூர்பா கண் முன்னால் வந்து நின்றது. மாசி மாதத்துக் காலைக் காற்றில் கதிர்வேலுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது. பொங்கியண்ணன் சொன்ன தை மாசமும், எட்டு வாழைத்தாரும் அப்போதுதான் அவன் காதில் விழுந்தன.

திட்டு வந்தது. நந்திதா படகை வேர்களுக்கு நடுவே பூப்போலக் கொண்டுபோய்ச் செருகினாள். இறங்கினார்கள். பொந்து காலி.

நந்திதா கத்தவில்லை, புலம்பவில்லை. பொந்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சருகை ஒவ்வொன்றாக விலக்கினாள். நீல மூடி கிடைத்தது. ஓரம் முழுக்கப் பல் தடம். மூடியின் நாலு கிளிப்பும் உடையாமல் திறந்திருந்தன.

"மரநாயா இருந்தா கடிச்சுத்தான் தொறக்கும். இது கையால கிளிப்ப எடுத்துவிட்டிருக்குது. கொரங்குதான்," என்றாள். கொஞ்சம் தள்ளி ஒரு அட்டைத் துண்டைக் கண்டுபிடித்தாள். எடுத்து மோந்து பார்த்தாள். "நெய் வாசம். ஸ்வீட் பெட்டிங்க இது."

கதிர்வேல் நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆரு வெச்சிருப்பாங்க?" நந்திதாவின் முகம் சிவந்தது. "கடைசியாக் கண்டுபுடிச்சவரு ரவிதேஜா. பெங்களூருக்காரரு. எத்தன மரியாதையா எழுதியிருந்தாரு! படிச்சவங்களே இப்படிப் பண்ணுனா? பதிவுல பேரப் போட்டே எழுதறேன் பாருங்க. நாலு பேருக்குத் தெரியட்டும்."

போனை எடுத்துவிட்டாள். இன்னும் ஒரு நிமிடம் போனால் ஒரு பாவமும் அறியாத பெங்களூர் மனிதரின் பெயர் ஊர் முழுக்க நாறிவிடும். கதிர்வேல் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து, கீழ்ப்பக்கத்தில் இருந்து சீட்டி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நந்திதா சட்டென்று கையைக் காட்டினாள். போன் பைக்குள் போனது. "ஏறுங்க. சத்தம் போடாதீங்க," என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

படகு தண்ணீரோடு சறுக்கிக்கொண்டு போனது. திட்டின் வால் பக்கம் ஒரு மணல் மேடு. கோரைப்புல் மறைவில் படகை நிறுத்தினாள்.

நீர்நாய்கள். பெரியது இரண்டு, குட்டி மூன்று. ஈர உடம்பு வெயிலில் எண்ணெய் தடவினது மாதிரி மின்னியது. குட்டிகள் மூன்றும் ஒரு சாமானைப் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தன. ஒன்று அதை மூக்கால் தள்ளும், இன்னொன்று அதன் மேல் ஏறிக் குப்புற விழும், மூன்றாவது அதற்குள் தலையை விட்டுக்கொண்டு வெளியே எடுக்கத் தெரியாமல் பின்னாலேயே நடக்கும். அதுதான் பெட்டி. நந்திதாவின் பெட்டி. குரங்கு தின்றுவிட்டு வீசியதை ஆறு இங்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறது.

தலை மாட்டிய குட்டி ஒரு உதறு உதறி விடுவித்துக்கொண்டு, யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி பெட்டியை முறைத்துப் பார்த்தது. கதிர்வேலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்கினான். வாழ்க்கையில் இவ்வளவு அழகான ஒன்றை அவன் பார்த்ததில்லை.

"போனா வெரட்டிட்டு எடுத்துரலாமே?" என்று கிசுகிசுத்தான்.

"ஆகாதுங்க. குட்டி இருக்குது. பயந்துச்சுன்னா எடத்தையே காலி பண்ணிப்போட்டுப் போயிரும். அதுங்களாப் போகட்டும். காத்திருக்கலாம்."

எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, அது அதுங்க இஷ்டம் என்றாள்.

அப்போதுதான் கதிர்வேலுக்கு மூளை வேலை செய்தது. இப்போது சொன்னால் அவளால் கத்த முடியாது. இதைவிட நல்ல முகூர்த்தம் ஆயுசுக்கும் கிடைக்காது.

"நந்து."

"ஷ்ஷ்."

"ரவிதேஜா வெக்கலை."

"என்னது?"

"மைசூர்பா. நான் வெச்சதுங்க."

பயத்தில் மனைவியிடமே 'ங்க' வந்துவிட்டது. அவன் நீர்நாய்களைப் பார்த்தபடியே, திரும்பாமல், எல்லாவற்றையும் மூச்சுக் காற்றிலேயே சொன்னான். நூல் பார்க்கப் போவதாகச் சொன்ன பொய், நிஜாமின் பரிசல், பிறந்தநாள், வேண்டுதல். "ஒறம்பரை ஊட்டுக்குப் போறப்ப வெறுங்கையோட போலாமான்னு வெச்சுப்போட்டேன். மூடில என்ன ஒட்டியிருக்குதுன்னு கூடப் படிக்கலை. நோட்டுல நாலு வரி எழுதியிருந்தேன். நீ படிப்பேன்னு பாத்தேன்."

"அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?" என்று நந்திதா கிசுகிசுத்தாள். வசவு காற்றாக வந்தாலும் சூடாகத்தான் வந்தது. "மூணு பேரு அத்தன தூரம் வந்து ஏமாந்து போயிருக்காங்க. பொங்கியண்ணனுக்கு எட்டுத் தாரு போச்சு. நான் அந்த மனுசன் பேரப் போட்டு எழுதியிருந்தா?"

"அதுக்குத்தான் சொல்லிப்போட்டேன்."

அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் அப்படியே காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. கதிர்வேலுக்குக் கால் மரத்துப் போனது, அசையவில்லை. கடைசியில் பெரிய நீர்நாய் ஒன்று மூக்கைத் தூக்கி ஒரு சீட்டி அடித்தது. ஐந்தும் வரிசையாகத் தண்ணீரில் இறங்கி, ஐந்து கோடுகளாகத் திருப்பத்தில் மறைந்தன.

மணலில் இறங்கிப் பெட்டியை எடுத்தார்கள். நோட்டு கூழாகிவிட்டிருந்தது. நந்திதா அதைப் பிரிக்கப் பார்த்தாள். கையோடு பிய்ந்து வந்தது. ஒரு எழுத்துக்கூட மிஞ்சவில்லை.

"பையில புதுப் பெட்டி வெச்சிருக்கறயே," என்றான் கதிர்வேல். "அதப் பொந்துல வெச்சுரலாம் அம்மணி. பெட்டி சரியாயிருச்சுன்னு எழுதிரு. ஆருக்கும் தெரியப் போறதில்லை."

"கொரங்குக்குத் தெரியுமேங்க. பெட்டின்னா தீனின்னு அதுக்குப் பழகிப்போச்சு. மறுபடி வெச்சா மறுபடி வரும். தோப்புக்கும் வரும். ஒண்ணுமே இல்லாம கெடந்தாத்தான் மறந்துபோட்டுப் போகும்." அவள் மணலில் உட்கார்ந்து போனை எடுத்தாள். "மூடிர்றேன்."

நாற்பத்தொரு பேர் புகழ்ந்த இடம். அவள் இரண்டே நிமிடத்தில் தட்டி முடித்து அவனிடம் காட்டினாள். *இந்தப் பெட்டி மூடப்படுகிறது. உள்ளே இனிப்பு வைக்கப்பட்டதால் குரங்குகள் பழகிவிட்டன. உணவு வைக்கக் கூடாது என்பதைப் பெட்டி மேல் தமிழில் எழுதாதது என் தவறு. நந்திதா.*

"உன் தப்பு எப்படி?" என்றான் கதிர்வேல். "எனக்கென்ன இங்கிலீசு படிக்கத் தெரியாதா? படிக்கலை, அவ்வளவுதானே?"

"நம்மூருல பெட்டிய வெச்சுப்போட்டு, வாரவங்க வெறுங்கையோட வருவாங்கன்னு நெனச்சேன் பாருங்க, அது என் தப்புதான். சர்வே பண்றவ மனுசங்களையும் சேத்து அளந்திருக்கோணும்." குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

கதிர்வேல் தன் போனை எடுத்தான். தை மாதம் இறக்கிய ஆப் அதில் அப்படியே இருந்தது. ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக, நெற்றியில் இருந்து வேர்வை திரையில் சொட்டச் சொட்டத் தட்டினான். பத்து நிமிடம் ஆயிற்று. அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆற்றைப் பார்த்தான். நந்திதாவின் போன் மணியடித்தது.

*இந்தப் பெட்டியைக் கெடுத்தவன் நான். இதை வைத்தவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. தை மாதம் நான் இங்கே வந்து நின்று பார்த்தேன். இப்படி ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுக்க என் மனைவியால்தான் முடியும். அவரை ஒரு கல்யாண வீட்டில் டப்பா பொறுக்குகிறவர் என்று நான் கேலி பேசினேன். அது தப்பு. கதிர்வேல், கருமத்தம்பட்டி.*

அவள் ஒரு தடவை படித்தாள். மேலே தள்ளி இன்னொரு தடவை படித்தாள்.

"இத எல்லாரும் படிப்பாங்களேங்க. உங்க மில்லுக்காரங்க ஆராச்சும் பாத்தா?"

"படிக்கட்டும். அன்னிக்குப் பந்தியில அத்தன பேரு கேட்டாங்கல்ல?"

நந்திதா முந்தானைக்குப் பதிலாக லைஃப் ஜாக்கெட்டின் ஓரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடைந்த பெட்டி, மூடி, அட்டைத் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். பொங்கியண்ணனிடம் கரை ஏறியதும் நேரில் சொல்லிவிட வேண்டும் என்றாள். சரி என்றான். படகில் ஏறினார்கள். இனி ஒரு மணி நேரம் எதிர் நீரில் போக வேண்டும்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள்: "ஏனுங்க, நீர்நாயெல்லாம் போயிருச்சுங்களா?"

"போயிருச்சு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ஒண்ணு கூட இல்லை அம்மணி."

"அப்பச் சரி," என்றவள் தொண்டையைத் திறந்தாள் பாருங்கள், எதிர்க்கரையில் இருந்த அத்தனை நாரையும் ஒன்றாக எழுந்து பறந்தது.

"நீச்சல் தெரியாத மனுசனுங்க நீங்க! ஒரு ஜாக்கெட் இல்லாம, ஒரு ஆளுகிட்டச் சொல்லாம, ஆருதோ ஒரு பரிசல்ல ஏறி நடு ஆத்துக்குப் போயிருக்கறீங்க! அன்னிக்குத் தண்ணி எத்தன இருந்துச்சுன்னு தெரியுங்களா? எனக்குத் தெரியும், நான் அளவு எழுதி வெச்சிருக்கேன்! பரிசல் ஒருக்காச் சாஞ்சிருந்தா? நீங்க மில்லுல நூல் பாத்துட்டு இருக்கறீங்கன்னு நான் ஊட்டுல உக்காந்திருப்பேன்! ஆரு வந்து எனக்குச் சொல்லியிருப்பாங்க?"

மைசூர்பாவைப் பற்றித்தான் திட்டப் போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த கதிர்வேலுக்குத் துடுப்பு ஓடவில்லை. அவள் குரல் கடைசி வார்த்தையில் உடைந்துவிட்டது. அவன் திரும்பிப் பார்க்கவும் வழியில்லை.

"இனிச் சொல்லிப்போட்டுத்தான் போவேன் நந்து," என்றான் தண்ணீரைப் பார்த்து.

"சொல்லிப்போட்டு இல்லீங்க. என்னையக் கூட்டிட்டுப் போகோணும்."

"சரிங்க," என்றான் கதிர்வேல்.